சீனக் கோயிலும் ஒரு ‘கோ இல்’தான்: உள்ளே போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூர், பினாங்கு, தைப்பே என்று சுற்றுலா போய்வந்தவர்கள் பகிரும் படங்களைப் பாருங்கள். சிவப்புத் தூண்கள், இரு முனையும் மேல்நோக்கி வளைந்த கூரை, அதன்மேல் டிராகன். கீழே ஒரு வரி: ‘இங்குள்ள புத்தர் கோயிலில்.’ பெரும்பாலும் அது புத்தர் கோயிலாக இருக்காது. உள்ளே வீற்றிருப்பது கடலைக் காக்கும் ஒரு பெண் தெய்வமாக இருக்கும். இல்லையென்றால் ஒரு படைத்தளபதி, ஒரு வைத்தியர்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. கண்ணைப் பறிக்கும் செதுக்கு வேலையும் பொன்முலாமும் கூரை பொம்மைகளும் அழகுக்காக அள்ளி வைத்தவை என்று நினைத்து, நாலு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம். அங்கே எதுவும் இடம் மாறி வைக்கப்பட்டதல்ல. சிங்கத்தின் காலடியில் பந்து இருக்கிறதா, குட்டி இருக்கிறதா என்பதுகூட முறைப்படிதான். அந்த முறை பிடிபட்டுவிட்டால், சீன எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாதவரும் கோயிலைப் படித்துவிடலாம்.

கட்டுரை முழுவதும் ஒரே கோயிலை மாதிரியாக வைத்துக்கொள்வோம்: சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலுள்ள தியன் ஹொக் கெங். 1839 முதல் 1842 வரை கட்டப்பட்டது. தேவைப்படும் இடத்தில் தைப்பேயின் லுங்ஷான் கோயிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## பெயரிலேயே பாதி விடை

‘கோயில்’ என்ற சொல்லை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு; முதற்பொருள் அரண்மனை. தியன் ஹொக் கெங் என்பதிலுள்ள ‘கெங்’ என்ற ஹொக்கியன் சொல்லுக்கும் இதே பொருள்தான். ‘வானுலக மகிழ்ச்சியின் அரண்மனை’ என்பது முழுப் பெயரின் பொருள். ஹொக்கியன் என்பது தென்சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தாரின் பெயர். அவர்கள் பேசும் மொழிக்கும் அதே பெயர்.

சீனக் கோயில்களின் பெயர் முடிவு, உள்ளே யார் இருக்கிறார் என்பதை ஓரளவு சொல்லிவிடும். மாண்டரின் என்ற பொதுச் சீன மொழியின் ஒலிப்பில் ‘ஸு’ என்று முடிந்தால் பௌத்த மடம். ‘மியாவ்’ என்றால் பிற தெய்வங்களின் கோயில். ‘கோங்’ (ஹொக்கியனில் கெங்) என்றால் அரண்மனை. சீனாவின் பழஞ்சமயமான தாவோ மரபின் தெய்வங்களும் நாட்டார் தெய்வங்களும் இருக்கும் இடம். பினாங்கில் எல்லோரும் கோயில் என்றே படம் எடுக்கும் கூ கொங்சி இந்த வகை எதிலும் சேராது. 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்தக் கட்டடம் கூ என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களின் குலச் சங்கம்; குலத்தின் காவல் தெய்வங்களோடு முன்னோர் பெயர்ப் பலகைகளும் அங்கு உண்டு.

பெயரை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. 1738இல் தொடங்கிய தைப்பேயின் லுங்ஷான் கோயில் பெயரளவில் ‘ஸு’. நடுமண்டபத் தெய்வம் பௌத்தத்தின் குவான் யின். ஆனால் பின்மண்டபத்தில் கடல் தெய்வமும், போர்த் தெய்வமும், மாணவர்கள் தேர்வுக்கு வேண்டிக்கொள்ளும் கல்வித் தெய்வமும், கல்யாண வரன் கூட்டிவைக்கும் கிழவரும் வரிசையாக இருக்கிறார்கள். பௌத்தம், தாவோயிசம், கன்ஃபூசியஸ் நெறி, ஊர்த் தெய்வ வழிபாடு நான்கும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சீனருக்கு உறுத்துவதே இல்லை. பிள்ளையாரும் முனீஸ்வரனும் ஒரே வளாகத்தில் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் உறுத்த வேண்டியதில்லை.

சுருக்கமாக: சீனக் கோயில் என்றால் அரண்மனை. அதன் தலைவர் புத்தராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## மனிதராகப் பிறந்து பதவி உயர்வு பெற்ற தெய்வங்கள்

தியன் ஹொக் கெங்கின் நடு மண்டபத்தில் இருப்பவர் மாட்ஸு. ஃபூஜியன் கடலோரத்திலுள்ள மெய்ட்ஸோ தீவில் 960ஆம் ஆண்டு லின் என்ற குடும்பத்தில் பிறந்த பெண் என்பது மரபு. கடலில் தத்தளித்தவர்களைக் காத்தவர், இளம் வயதிலேயே மறைந்தவர், பிறகு வழிபடப்பட்டவர்.

மதுரைவீரனையும் காத்தவராயனையும் அறிந்த நமக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. ஊருக்காக வாழ்ந்தோ செத்தோ போனவர் தெய்வமாகிறார். சீனத்தில் ஒரு படி கூடுதலாக உண்டு: பேரரசர் அந்தத் தெய்வத்துக்குப் பட்டம் கொடுப்பார், பிறகு அந்தப் பட்டத்தை உயர்த்துவார். மாட்ஸுவுக்கு 1281இல் குப்ளாய் கான் ‘தியன்ஃபே’ என்ற பட்டம் தந்தார். வானுலக அரசரின் துணைவி என்று பொருள். சிங் வம்ச ஆட்சியில் அது ‘தியன்ஹோ’ ஆயிற்று, வானுலகப் பேரரசி. அரசு ஊழியரின் பதவி உயர்வைப் போலத்தான்.

அதனால்தான் தியன் ஹொக் கெங்கில் 1907இல் குவாங்சு பேரரசர் அளித்த வாசகத்துக்கு அவ்வளவு மதிப்பு. நான்கே எழுத்து. தென்கடலில் அலைகள் அடங்கட்டும் என்பது கருத்து. அண்ணாந்து பார்த்தால் தெரியும் பொன்னெழுத்துப் பலகைகள் அழகுக்குத் தொங்கவிட்டவை அல்ல. யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்ற விவரம் பலகையின் இரு ஓரங்களிலும் சிறிய எழுத்தில் இருக்கும்.

மாட்ஸுவின் இரு புறமும் சில கோயில்களில் இரண்டு பூத உருவங்கள் நிற்கும். ஒன்று கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்தைப் பார்க்கும். மற்றொன்று காதருகே கை வைத்திருக்கும். ஆயிரம் காதம் பார்க்கும் கண், காற்றோடு வரும் ஒலியைக் கேட்கும் காது என்பது பெயர்ப்பொருள். கடலில் கப்பல் தவிப்பதைப் பேரரசிக்குத் தெரிவிக்கும் ஒற்றர்கள். கோயிலில் இந்த இருவரையும் கண்டால் நடுவில் இருப்பவர் மாட்ஸு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தியன் ஹொக் கெங்கில் மாட்ஸுவுக்கு இரு பக்கமும் குவான் யூவும் பாவ்ஷெங் தாதியும் இருக்கிறார்கள். முதலாமவர் 220ஆம் ஆண்டு கொல்லப்பட்ட படைத்தளபதி. சிவந்த முகம், நீண்ட தாடி. அடுத்தவர் 979 முதல் 1036 வரை வாழ்ந்த ஃபூஜியன் வைத்தியர். பின்மண்டபத்தில் குவான் யின். குவான் யூ, குவான் யின் என்ற இரு பெயர்களும் தமிழ்க் காதில் ஒன்றாகவே விழும். வழிகாட்டி வேகமாகப் பேசினால் குழப்பம் நிச்சயம். தாடி இருந்தால் யூ. வெள்ளாடையில் சாந்தமாக இருந்தால் யின். இந்தியாவிலிருந்து போன அவலோகிதேசுவரர்தான் சீனத்தில் குவான் யின் என்ற பெண் வடிவமானார்.

## வாசலில் வலது இடது

அரண்மனை வாசலில் முதலில் நிற்பவை சிங்கங்கள். பந்தின்மேல் பாதம் வைத்தது ஆண், குட்டியின்மேல் வைத்தது பெண். கோயிலை நோக்கி நீங்கள் நின்றால் ஆண் சிங்கம் உங்கள் வலப்புறம். சிங்கத்தின் வாயைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சில சிங்கங்களின் வாய்க்குள் ஓர் உருண்டை இருக்கும். விரலால் தள்ளினால் உருளும், வெளியே வராது. அதே கல்லிலிருந்து உள்ளேயே செதுக்கி விடுவித்தது. நம் யாளி வாயில் இருப்பதும் இதே வேலைப்பாடுதான்.

ஆண் சிங்கம் ஏன் வலப்புறம்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சீனக் கோயிலில் வலது, இடது என்றால் உள்ளே அமர்ந்திருக்கும் தெய்வத்தின் வலது, இடது. தெய்வத்தின் இடப்பக்கம் உயர்ந்தது; அது டிராகன் பக்கம். வலப்பக்கம் புலிப் பக்கம். வெளியே நின்று பார்க்கும் உங்களுக்கு இது அப்படியே மாறித் தெரியும்.

கோயிலில் பொதுவாக மூன்று வாசல்கள் இருக்கும். நடுவாசல் தெய்வத்துக்கும் பெரிய விழாக்களுக்கும் உரியது. டிராகன் வாசலால் நுழைந்து புலி வாசலால் வெளியேறுவது முறை. டிராகன் வாய்க்குள் போவது நல்லது, புலி வாயிலிருந்து தப்பி வருவது நல்லது என்பது வழக்கு. நினைவில் வைக்க எளிய வழி ஒன்று: உள்ளே போகும்போதும் உங்கள் வலக்கைப் பக்க வாசல், வெளியே வரும்போதும் உங்கள் வலக்கைப் பக்க வாசல். இப்படி நடந்தால் கோயிலை இடமாகச் சுற்றியிருப்பீர்கள், நம் வலம் வருதலுக்கு நேர் எதிராக. பழக்கதோஷத்தில் இடப்பக்க வாசலால் நுழைந்து, எதிரே வரும் கூட்டத்தில் மாட்டிக்கொள்வது நம்மவர்கள் எப்போதும் செய்வது.

கதவில் ஆளுயரத்தில் வரைந்திருக்கும் உருவங்கள் நம் துவாரபாலகர்களுக்கு ஒப்பானவை. பெரும்பாலும் அவர்கள் தாங் வம்சத் தளபதிகள் இருவர்: வெளிறிய முகம் சின் ஷுபாவ், கறுத்த முகம் யுச்சி கோங். பேய்த் தொல்லையால் தூங்க முடியாத தாய்ட்சோங் பேரரசருக்கு இருவரும் இரவெல்லாம் வாசலில் காவல் நின்றார்கள். பிறகு அவர்களைக் கதவில் வரைந்து வைத்ததே போதுமானதாயிற்று என்பது கதை. தலைவர் பெண் தெய்வமென்றால் சில கோயில்களில் தளபதிகளுக்குப் பதில் அரண்மனைப் பணியாளர்களை வரைந்திருப்பார்கள். அந்தப்புர வாசலில் போர்வீரனுக்கு என்ன வேலை?

வாசற்படி உயரமாக இருக்கும். தாண்டித்தான் போக வேண்டும், அதன்மேல் மிதிக்கக் கூடாது. நிலைப்படியை மிதிக்காதே என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மேலே பார்த்துக்கொண்டே நடந்து முழங்காலை இடித்துக்கொள்பவர்கள் அதிகம்.

இதுவரை பார்த்தது: சிங்கம், கதவு வீரர்கள், வாசல் வரிசை எல்லாம் அரண்மனைக் காவலும் அரசவை மரியாதையும். எல்லாமே தெய்வம் உட்கார்ந்திருக்கும் கோணத்திலிருந்து அமைந்தவை.

## ஆணியில்லாமல் கூரை எப்படி நிற்கிறது

உள்முற்றத்துக்கு வந்தபின் தூணும் கூரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். மரக்கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப்போக விரிந்துகொண்டே போகும். பொன்முலாமும் பூவேலையும் அடர்ந்திருப்பதால் அலங்காரமாகத் தெரியும். கட்டடத்தையே அதுதான் தாங்குகிறது.

நம் கற்கோயிலில் தூணின் உச்சியில் இரு புறமும் நீளும் போதிகையை நினைத்துக்கொள்ளுங்கள். உத்திரத்தின் பாரம் தூண் தலையில் ஒரே புள்ளியில் இறங்காமல் அகலமாகப் பரவ அது உதவுகிறது. இதையே மரத்தில், பல அடுக்காகச் செய்தால் கிடைப்பது ‘தோகோங்’. தோ என்பது மேலே பள்ளம் வெட்டிய சதுரக் கட்டை. கோங் என்பது படகு போல் அடி வளைந்த கை. தூண்மேல் ஒரு தோ. அதன் பள்ளத்தில் ஒரு கோங். அந்தக் கையின் இரு நுனியிலும் சிறிய தோக்கள். அவற்றின்மேல் இன்னும் நீளமான கோங். ஒவ்வோர் அடுக்கும் கீழே உள்ளதைவிடச் சற்று வெளியே நீளும்.

இத்தனை பாடு எதற்கு? மரத்தூணுக்கு மழைதான் எதிரி. தூணும் சுவரும் நனையாதிருக்க இறவாரம் நன்றாக வெளியே நீள வேண்டும். ஆனால் மேலே ஓட்டின் எடை. தாங்கலில்லாமல் நீட்டினால் இறவாரம் சில வருடங்களில் தொங்கிப்போகும், உத்திரம் தூணில் சேரும் இடத்தில் பிளக்கும். அடுக்கடுக்கான கைகள் வெளியே போகும் எடையைப் படிப்படியாக உள்ளே இழுத்துத் தூணின் நடுவில் இறக்குகின்றன.

ஆணி இல்லாமல் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் வியப்பாகச் சொல்வார்கள். ஏதோ வித்தை என்று நினைக்க வேண்டாம். ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்குச் சரியாகப் பொருந்தும் முனை; நம் தச்சர்கள் பழைய கதவு நிலையில் செய்வதுதான். ஈரக் காற்றில் மரம் உப்பும், வறண்டால் சுருங்கும். இரும்பு ஆணி அதோடு சேர்ந்து அசையாது. கடற்கரை உப்பில் துருப்பிடித்து மரத்தையும் பிளக்கும். பொருத்து மூட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒரு கட்டை உளுத்துப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும். தியன் ஹொக் கெங் 1998 முதல் 2000 வரை பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டு, 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இடம்பெற்றது.

உத்திரத்தின் அருகே கூர்ந்து பார்த்தால் பாரத்தைச் சுமப்பதுபோல் செதுக்கிய மனித உருவங்கள் தெரியும். அயல்நாட்டார் கூரையைத் தாங்குவதாகக் காட்டுவது ஹொக்கியன் தச்சர்களின் பழைய குறும்பு. தெலுக் ஆயரில் அந்த அயலார் இந்தியர்கள்.

## கூரைமேல் உடைந்த கிண்ணங்கள்

கூரை முகட்டின் இரு நுனியும் மேலே வளைந்து இரண்டாகப் பிரிந்திருக்கும். தகைவிலான் குருவியின் வால் போன்ற வடிவம். இது ஹொக்கியன் பாணியின் அடையாளம். பெய்ஜிங் அரண்மனைக் கூரைகளில் இப்படிப் பார்க்க முடியாது.

முகட்டின்மேல் டிராகன், பூ, பறவை. கைபேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். டிராகனின் ஒவ்வொரு செதிலும் தனித்தனிப் பீங்கான் துண்டு. ‘ஜியென்நியென்’ என்ற இந்தக் கலையின் பெயருக்கு வெட்டி ஒட்டுவது என்று பொருள். முதலில் கம்பியால் எலும்புக்கூடு. அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து. வண்ணக் கிண்ணங்களை இடுக்கியால் நறுக்கி, சாந்து காய்வதற்குள் கீழிருந்து மேலாக, ஒன்றின் விளிம்பை மற்றது மூடும்படி குத்திவைக்கிறார்கள். தட்டையான பீங்கானை விட்டுக் கிண்ணத்தை எடுப்பது அதன் வளைவுக்காக. செதிலுக்கும் இதழுக்கும் வேண்டிய வளைவு அதில் ஏற்கெனவே இருக்கிறது.

நம் கோபுரத்துச் சுதைச் சிற்பத்துக்கு இது நெருங்கிய உறவு. வேறுபாடு வண்ணத்தில். சுதைமேல் பூசிய வண்ணம் வெயிலில் வெளுக்கும், குடமுழுக்குக்குக் குடமுழுக்கு திரும்பப் பூச வேண்டும். பீங்கானின் நிறம் சூளையில் ஏறியது. வெயிலும் மழையும் உப்புக் காற்றும் அதை ஒன்றும் செய்வதில்லை. கெடுவது அடியிலுள்ள சாந்தும் கம்பியும்தான். விரிசல் வழியே நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்து உப்பினால், செதில்கள் கொத்தாக உதிரும். வெளுக்காத டிராகனுக்கு ஒரு மீசையோ நகமோ இல்லாதிருந்தால் காரணம் அதுதான்.

## ஊதுபத்தி: எத்தனை, எந்தக் கை, எந்த வரிசை

பார்வையாளர் ஊதுபத்தி ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கைகூப்பினால் போதும். ஏற்ற விரும்பினால் ஒரு தூபக்கலத்துக்கு மூன்று குச்சி என்பது வழக்கம். கலங்கள் பல உள்ள கோயிலில் அவற்றில் எண் போட்டிருப்பார்கள்; எண்வரிசையில் போனால் பிழை வராது. எண் இல்லையென்றால் முதலில் முற்றத்தில் வெளியைப் பார்த்து வானத்துக்கு, பிறகு நடுத் தெய்வத்துக்கு, பிறகு டிராகன் பக்கம், கடைசியில் புலிப் பக்கம்.

குச்சிகளைச் சாய்த்துப் பிடித்து முனை முழுவதும் கனலும்வரை காட்டுங்கள். பற்றிய சுடரை வாயால் ஊதாதீர்கள், கையை வீசி அணையுங்கள். எச்சில் மூச்சு படக்கூடாது என்பது அங்கும் வழக்கம். நெற்றி அளவுக்கு உயர்த்தி வணங்கிய பிறகு இடக்கையால் சாம்பலில் நடவேண்டும். இடக்கையா என்று நமக்குத் தூக்கிவாரிப் போடும். வெட்டவும் கொல்லவும் பயன்படுவது வலக்கை, அதனால் இடக்கையே தூயது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இடம் உயர்ந்தது என்று வாசலில் பார்த்த கணக்கோடும் இது ஒத்துப்போகிறது.

சில்லறைத் தொல்லைகள் இரண்டு. மூங்கில் குச்சியின் அடியிலுள்ள சிவப்புச் சாயம் வியர்த்த கையில் ஒட்டும்; வெள்ளைச் சட்டையில் துடைத்தால் போகாது. கூட்டத்தில் குச்சியைத் தாழ்த்திப் பிடித்தால் முன்னால் நிற்பவரின் முதுகில் கனல் படும். செங்குத்தாக, தலைக்கு மேலே பிடித்து நடப்பது அதனால்தான். தைப்பேயின் லுங்ஷான் கோயிலில் 2020 முதல் பக்தர்கள் ஊதுபத்தி ஏற்றுவதே இல்லை. காற்று மாசைக் குறைக்கக் கலங்களைப் படிப்படியாகக் குறைத்துவந்து கடைசியில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே பத்தி வாங்குமுன் கலம் எரிகிறதா என்று பாருங்கள்.

## தெய்வத்திடம் கேள்வி கேட்பது

சீனக் கோயிலில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். யாரோ முழங்காலிட்டு, சிவப்பு மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போடுவார். ‘ஏதோ சோழி உருட்டுகிறார்கள்’ என்போம். அதைவிட நெருக்கமான ஒன்று நம்மிடமே இருக்கிறது: சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு, குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்லும் பூ கேட்டல். வருங்காலத்தை அறிவது இரண்டிலும் நோக்கமில்லை. செய்யப்போகும் காரியத்துக்கு உத்தரவு கேட்கிறோம்.

பிறை வடிவக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புறம் தட்டை, மறுபுறம் உப்பல். பெயர் ‘ஜியாவ்பெய்’. ஒன்று தட்டை மேலாகவும் மற்றது உப்பல் மேலாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் உப்பல் மேலாக விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டை மேலாக விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது: கேள்வி சரியில்லை, அல்லது விடை உனக்கே தெரியும் என்று பொருள் கொள்வார்கள்.

அரண்மனை முறை இங்கேயும் தொடர்கிறது. மனு கொடுப்பவர் முதலில் தன் பெயர், பிறந்த தேதி, முகவரி சொல்ல வேண்டும். பிறகு ஆம், இல்லை என்று விடை வரக்கூடிய ஒரே கேள்வி. ‘இந்த வேலைக்குப் போகவா, அந்த வேலைக்குப் போகவா’ என்று கேட்டால் சம்மதம் விழுந்தாலும் எதற்குச் சம்மதம் என்று தெரியாது. புதிதாகக் கேட்பவர்கள் வழுக்குவது இங்கேதான். கட்டைகளை இரு உள்ளங்கைக்குள் சேர்த்து நெஞ்சு உயரத்திலிருந்து நழுவ விடுங்கள். எறிந்தால் பீடத்துக்கு அடியில் உருண்டுபோய்த் தேட வேண்டிவரும்.

முக்கியமான காரியமென்றால் தொடர்ந்து மூன்று சம்மதம் கேட்பார்கள். இதன் கணக்கு சுவையானது. ஒவ்வொரு கட்டையும் இரு பக்கமும் சம வாய்ப்போடு விழுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு விதங்களில் இரண்டு சம்மதம்; அதாவது 50 விழுக்காடு. மறுப்பு 25, சிரிப்பு 25. தெய்வம் பாதி நேரம் ஒத்துக்கொள்கிறது! ஆனால் தொடர்ந்து மூன்று விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான், 12.5 விழுக்காடு. லேசான காரியத்துக்கு எளிய கேள்வி, கனமான காரியத்துக்குக் கடினமான தேர்வு. உண்மைக் கட்டைகள் நாணயம் போல் சமமாக விழுவதில்லை. உப்பலின் அளவும் தரையும் கணக்கைக் கொஞ்சம் மாற்றும்.

குறிக் குச்சி இதன் அடுத்த கட்டம். ஒரு குழாயில் எண்ணிட்ட மூங்கில் குச்சிகள். குவான் யின் வரிசையில் 100, மாட்ஸு வரிசையில் 60 இருப்பது வழக்கம். குலுக்கி ஒன்றை விழவைத்து, ‘எனக்குரிய குச்சி இதுதானா’ என்று கட்டை போட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். மறுப்பு வந்தால் திரும்பக் குலுக்க வேண்டும். உறுதியானதும் அந்த எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து ஒரு செய்யுள் அச்சிட்ட தாளை எடுப்பார்கள். செய்யுளில் நேரடி விடை இருக்காது. பொருள் சொல்லக் கோயிலில் பெரியவர் ஒருவர் இருந்தாலும் இருப்பார். கட்டை போட்டு உறுதி செய்யாமல் தாளை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் சுற்றுலாப் பயணிகளின் வழக்கமான தவறு. மனுவை நீட்டிவிட்டு முத்திரை வாங்காமல் போவதைப் போன்றது.

## தெலுக் ஆயரில் ஒரு மணி நேரம்

தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். நுழைவுக் கட்டணம் இல்லை. மாலையிலேயே மூடிவிடுவார்கள், மதியத்துக்குள் போவது நல்லது. சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாள்களில் கூட்டம் இருக்கும். வழிபாட்டைப் பார்க்க அந்த நாள், மரவேலையைப் பார்க்க மற்ற நாள்.

செருப்பைக் கழற்றத் தேவையில்லை. நம் கால் தானாகவே ஓரத்தில் செருப்பு விடும் இடம் தேடும். அங்கே அப்படி ஓர் இடமே இருக்காது, வெறுங்காலோடு நடந்தால் சுடுசாம்பல் மிதிபடவும் கூடும். முற்றத்தில் படம் எடுக்கலாம். சன்னதிக்குள் பலகையைப் பார்த்துவிட்டு எடுங்கள், பிளாஷ் வேண்டாம். தெய்வ உருவை ஒற்றை விரலால் சுட்டிக் காட்டாதீர்கள், உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். வணங்குபவருக்கும் தெய்வத்துக்கும் நடுவே குறுக்கே போகாதீர்கள்.

வாசலுக்கு வெளியே ஒரு நிமிடம் நில்லுங்கள். எதிரே இப்போது உயர்ந்த கட்டடங்கள். கோயில் கட்டியபோது கடற்கரை இங்கேதான் இருந்தது. 1880களில் கடலை மண்ணிட்டு நிரப்பிய பிறகு தண்ணீர் தூரமாகப் போய்விட்டது. கரையிறங்கிய ஹொக்கியன்காரர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு மாட்ஸுவிடம் நன்றி சொன்ன இடம் இது.

அதே கரையில் இறங்கிய தமிழ் முஸ்லிம்களும் அதைத்தான் செய்தார்கள். புலி வாசலால் வெளியே வந்து தெருவில் சில அடி நடந்தால் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா. கடலோடிகள் நம்பிய நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் பெயரில் எழுந்தது, இன்று மரபுடைமை நிலையம். கோயிலுக்கு மறுபுறம், அதே தெருவில், 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். அதற்குப் பழைய தமிழர்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி. மூன்றையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். தர்காவிலும் பள்ளியிலும் செருப்பைக் கழற்ற வேண்டும்.